மலையில் ஓடும் 33 கிலோவோல்ட்டும் வலுவில்லாத வழுக்களும்

இலங்கையின் மலைநாட்டில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலும் அதற்கு அப்பாலும் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் சிறு நீர்மின் நிலையங்களுக்கும் மின்கோளாற்றைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் பாதுகாப்பு ரிலேக்களின் அமைப்புப் பெறுமானங்களைக் கணக்கிட்டு, சோதித்து, கையெழுத்திட்டுக் கொடுப்பது என் தொழில். என்னுடன் வேலைக்கு வரும் இளம் பொறியியலாளர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, அந்த இடத்தில் வழு, அதாவது மின்கோளாறு, ஏற்பட்டால் பாயக்கூடிய மிகப்பெரிய மின்னோட்டம் எவ்வளவு என்பதைத்தான். பிரேக்கர் வெடிக்காமல் துண்டிக்குமா, கம்பி உருகாமல் தாங்குமா என்று பார்க்க அந்த எண் வேண்டும். ஆனால் பத்தாயிரம் அம்பியர் பாயும் குறுஞ்சுற்றை எந்த ரிலேயும் கண்டுகொள்ளும். மலைநாட்டில் எனக்கு வேலை வைப்பது, சாதாரணச் சுமையைப் போலவே தோன்றும் அளவுக்குச் சிறிய வழு. பாதுகாப்பு ஒருங்கிணைப்பு என்று நாங்கள் செய்வதில் பெரும்பகுதி, அந்தச் சிறிய வழுவை யார் பார்ப்பது, பார்த்தவர்களில் யார் முந்துவது, யார் காத்திருப்பது என்று தீர்மானிப்பதே.

33 கிலோவோல்ட் மின்வழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் தேர்ந்தவை என்றாலும், எங்கள் பக்கத்து வழிகளின் இயல்புக்குப் புறம்பானவை அல்ல. கிரிட் உபநிலையத்தில் எல்லா வழிகளும் கிளைக்கும் பொதுப் பட்டையான 33 கிலோவோல்ட் பஸ்பாரில் மும்முனைக் குறுஞ்சுற்று ஏற்பட்டால் 10,000 அம்பியர் பாயும் என்று வைத்துக்கொண்டால், மூல மறிப்பு (மாறு மின்னோட்டத்தை மூலம் எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 1.9 ஓம் ஆகிறது. அங்கிருந்து ரக்கூன் வகைக் கம்பி மலைச்சரிவுகளில் வளைந்து வளைந்து 40 கிலோமீற்றர் போகிறது. அதன் மறிப்பு கிலோமீற்றருக்கு அரை ஓமுக்குச் சற்று அதிகம். வழியின் நடுவே, 20 கிலோமீற்றரில், வழு மின்னோட்டம் 1,600 அம்பியராகக் குறைந்துவிடும். கடைசிக் கம்பத்தில் அது 860 அம்பியர். அதுவும் மூன்று கம்பிகளும் ஒன்றாகத் தொட்டால்தான். இரண்டு கம்பிகள் மட்டும் உரசிக்கொண்டால் 740 அம்பியர். மாலையில் எல்லாத் தொழிற்சாலைகளும் ஓடும்போது சுமையே 200 அம்பியரைத் தொடக்கூடிய ஒரு வழியில், சுமைக்கும் வழுவுக்கும் இடையில் நமக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

வழுவைக் கண்டு திறந்து, சற்றுப் பொறுத்துத் தானே மீண்டும் மூடும் ஓட்டோ ரிக்ளோசர் ஒன்றை நடுவில் வைத்து, மொத்தச் சுமையில் ஒரு பகுதியே அதைத் தாண்டுவதால், அதன் தொடக்க மின்னோட்டத்தை (எந்த அளவைத் தாண்டினால் இயங்கத் தொடங்குமோ அதை) 160 அம்பியர் என்றும் நேரப் பெருக்கியை 0.1 என்றும் வைக்கிறோம். உபநிலையத்து ரிலேயின் தொடக்கம் 320 அம்பியர். இரண்டுமே ஐ.இ.சி. 60255 தரத்தின் சாதாரண நேர்மாறு வளைவில் இயங்குபவை. அவ்வளைவில், தொடக்க மின்னோட்டத்தைப்போல் எத்தனை மடங்கு பாய்கிறதோ அந்த எண்ணை 0.02 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழித்து, கிடைப்பதால் 0.14 ஐப் பிரித்து, நேரப் பெருக்கியால் பெருக்கினால் இயங்கும் நேரம் செக்கனில் வரும். ரிக்ளோசரைத் தாண்டியவுடன் 1,600 அம்பியர் வழு ஏற்பட்டால் அதற்கு அது பத்து மடங்கு, 0.3 செக்கனில் திறக்கும். உபநிலையத்து ரிலே அதைவிட ஏறத்தாழ 0.35 செக்கன் பின்தங்க வேண்டும். பிரேக்கர் திறக்கும் நேரம், ரிலேயின் பிழை, மின்னோட்ட மாற்றியின் பிழை எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். அதே 1,600 அம்பியர் அந்த ரிலேக்கு ஐந்து மடங்கு மட்டுமே என்பதால், நேரப் பெருக்கியை 0.16 என வைத்தால் 0.68 செக்கன் வருகிறது. இடைவெளி 0.38, போதும்.

கடைசிக் கம்பத்துக்குப் போய்ப் பார்த்தால் படம் மாறுகிறது. அங்கே 740 அம்பியர் வழுவுக்கு ரிக்ளோசர் 0.45 செக்கனில் திறக்கும். அது திறக்க மறுத்தால், பின்னால் நிற்கும் உபநிலையத்து ரிலே 1.3 செக்கன் எடுக்கும். இதுவும் ஏற்றுக்கொள்ளக்கூடியதே. ஆனால் யாராவது, சுமை கூடிவிட்டது என்று சொல்லி, உபநிலையத் தொடக்கத்தை 320 இலிருந்து 500 க்கு உயர்த்திவிட்டால், அந்த 740 அம்பியர் ஒன்றரை மடங்குக்கும் குறைவாகிவிடும். பின்பாதுகாப்பு செக்கன்களில் அன்றி, எரிந்த கம்பிகளில் கணக்கிடப்படும். சுமைக்காக உயர்த்தும்போது வழியின் முனையை எவரும் மீண்டும் கணக்கிடுவதில்லை என்பதே நான் பல அமைப்புத் தாள்களில் கண்டது. உபநிலையத்துக்கு அருகிலுள்ள பெரும் வழுக்களுக்கு உடனடியாக இயங்கும் உயர் அமைப்பு ஒன்றைச் சேர்ப்பது சுலபம். ரிக்ளோசரின் இடத்து 1,600 அம்பியரைவிட முப்பது வீதம் அதிகமாக வைத்தால் அது எல்லை தாண்டாது. அதைப்பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது கம்பியும் கம்பியும் தொட்டால் நடப்பது. மழைக்காலத்தில் நடப்பதோ பெரும்பாலும் வேறு. யூக்கலிப்டஸ் கிளை முறிந்து கம்பி ஒன்று அறுந்து தேயிலைச் செடியின்மேல் விழுகிறது, அல்லது பாறைமேல் கிடக்கிறது. எங்கள் மலைகளின் அடித்தளம் கடினமான பழைய உருமாறிய பாறை. மேலே சில அடி மண், கீழே கல். கடற்கரைச் சமவெளியின் ஈரமண்ணில் ஒரு செப்புக்கோல் தரும் புவித்தடையை இங்கே பல கோல்களை அடித்தும் பெற முடியாத இடங்கள் உண்டு. விழுந்த கம்பிக்கும் பூமிக்கும் இடையில் 200 ஓம் தடை இருந்தாலே போதும்: 33,000 வோல்ட் என்பது இரண்டு கம்பிகளுக்கிடையே; ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையில் 19,000 வோல்ட் என்பதால், வழியின் மறிப்பைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் 95 அம்பியருக்கு மேல் பாய முடியாது. உலர்ந்த பாறையிலோ சில அம்பியர் மட்டுமே. மேலே கணக்கிட்ட ரிலேக்கள் இரண்டுக்குமே இது கண்ணுக்குத் தெரியாது. புவி வழுவுக்கெனத் தனியே, மூன்று கம்பிகளின் மின்னோட்டங்களைக் கூட்டி மிச்சத்தை அளக்கும் நுண்ணுணர் ரிலே வேண்டும். அதைச் சில அம்பியர்களுக்கு, சில செக்கன் தாமதத்துடன் வைக்கிறோம். அந்தத் தாமதம் கம்பியின் மின்தேக்கத்தாலும் சமநிலையின்மையாலும் வரும் போலி மிச்சத்தைச் சலித்தெடுக்க. உலர்ந்த கல்லின்மேல் கிடக்கும் கம்பியைச் சில வேளைகளில் இதுவும் பார்க்காது; ஆகவே அறுந்து கிடக்கும் கம்பி இறந்த கம்பி என்று எண்ணி அருகே போகக்கூடாது என்பதைத் தோட்டத்துப் பாடசாலைகளில் சொல்லிக்கொடுப்பதையும் நான் பாதுகாப்பு ஒருங்கிணைப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

அடுத்தது மின்மாற்றிக்கு முன்னால் கம்பத்தில் தொங்கும் உருகி. 400 கிலோவோல்ட் அம்பியர் மின்மாற்றி ஒன்றின் 33 கிலோவோல்ட் பக்கத்து முழுச்சுமை மின்னோட்டம் வெறும் 7 அம்பியர். மறுபக்கம் 400 வோல்ட்டில் அதுவே 577 அம்பியர். மின்மாற்றியின் மறிப்பு நான்கு வீதமானால், தாழ்வழுத்த முனையில் மும்முனைக் குறுஞ்சுற்று ஏற்படும்போது அங்கே 14,400 அம்பியர் பாய்ந்து செப்புப் பட்டைகளை ஆவியாக்கும். ஆனால் 33 கிலோவோல்ட் பக்கத்தில் அது 175 அம்பியராக மட்டுமே தெரியும். நம் உபநிலையத்து ரிலேயின் தொடக்கம் 320. ரிக்ளோசரின் 160 ஐ அது சற்றே தாண்டுகிறது, அந்த விளிம்பில் எந்த ரிலேயின் நேரத்தையும் நம்ப முடியாது. ஒரு முனை மட்டும் புவியைத் தொட்டாலோ, மேல்பக்கம் முக்கோணமாகவும் கீழ்ப்பக்கம் நட்சத்திரமாகவும் இணைந்த டெல்டா–ஸ்டார் சுற்றின் காரணமாக மேல்பக்கத்தில் 101 அம்பியர் இரண்டு கம்பிகளில் பாயும். ரிக்ளோசர் அதைச் சுமை என்றே நினைக்கும். ஆக, மின்மாற்றிக்கும் தொழிற்சாலையின் பிரதான பிரேக்கருக்கும் இடைப்பட்ட சில மீற்றருக்கு அந்த உருகி ஒன்றே காவல். அந்த உருகி எரிந்த இடத்தில், இருட்டில் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பங்களில் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை மறுநாளும் ஓடியிருக்கும், அதுதான் ஆபத்து.

இங்கே பாடநூல்கள் அவசரமாகக் கடந்துவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. தாழ்வழுத்தப் பக்கம் இரண்டு முனைகளுக்கிடையே குறுஞ்சுற்று ஏற்பட்டால், அங்கே மின்னோட்டம் மும்முனை வழுவின் 87 வீதமாகக் குறைகிறது. ஆனால் 33 கிலோவோல்ட் பக்கத்தில் ஒரு கம்பியில் மும்முனை வழுவின் முழு மின்னோட்டமும் பாய்கிறது. கீழே உள்ள பிரேக்கர் மெதுவாகும் அதே வேளையில் மேலே உள்ள உருகி மெதுவாவதில்லை. இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து, இடைவெளி இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன், கீழ்வளைவை, 100 ஐ 87 ஆல் பிரித்தால் வரும் அந்தப் பதினைந்து வீதத்துக்கு வலப்புறம் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

மின்னல் அல்லது காற்றால் வரும் வழுக்களில் பெரும்பாலானவை கணநேரத்தவை. ரிக்ளோசர் முதல் தடவை மிக வேகமாகத் திறந்து மூடினால் கிளை விலகிவிடும், உருகி தப்பும். இதனால் வழி முழுவதும் ஒரு கணம் இருளும். உருகியை எரியவிட்டால் அந்தக் கிளை வழி மட்டும் மணிக்கணக்கில் இருளும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு கண இருளில்கூடத் தொழிற்சாலையின் மோட்டர்களை இணைத்துப் பிடித்திருக்கும் கொன்டாக்டர்கள் எல்லாம் விழுந்துவிடும். கொழுந்து வாட்டும் காற்றாடிகள், உருளைகள், உலர்த்தி அனைத்தையும் வரிசையாக மீண்டும் தொடக்க வேண்டும். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர்கள் இதைப்பற்றி என்னிடம் பேசும்போது மரியாதைக்குக் குறைவிராது, கோபத்துக்கும் குறைவிராது. தொழிற்சாலைகள் நெருங்கியிருக்கும் வழிகளில் உருகி எரிவதே மேல் என்பது என் முடிவு. பொகவந்தலாவைக்கு அப்பால் மழையிருட்டில் வாகனம் போக முடியாத கிளை வழிகளில் உருகியைக் காப்பாற்றுவதே நியாயம்.

சிறு நீர்மின் நிலையங்கள் வந்தபின் இந்தக் கணக்குகள் எல்லாம் இருதிசையாகிவிட்டன. தோட்டங்களில் பிரித்தானியர் காலத்திலிருந்தே சிறு டேர்பைன்கள் உண்டு; ஆனால் அவை தொழிற்சாலையை மட்டும் ஓட்டின. இன்று 10 மெகாவொட்டுக்கு உட்பட்ட நிலையங்கள் 33 கிலோவோல்ட் வழியுடன் நேரடியாக இணைந்து மின்சாரத்தை விற்கின்றன. 0.8 திறன் காரணியில் ஓடும் 2 மெகாவொட் இயந்திரம் ஒன்றின் முழுச்சுமை மின்னோட்டம் 33 கிலோவோல்ட்டில் 44 அம்பியர். வழு ஏற்பட்ட முதற்கணத்தில் அது ஐந்தாறு மடங்கு தரும். பின்னர், இயந்திரத்தின் காந்தப்புலத்தை உண்டாக்கும் கிளர்வுச் சுற்று வலுவற்றதானால், ஒரு செக்கனுக்குள் முழுச்சுமைக்கும் கீழே விழும். வழுவுக்கு மின்னோட்டம் ஊட்டிக்கொண்டே, வழு இல்லாததுபோல் தோன்றும். அதனால்தான் மின்னழுத்தம் விழுந்தால் தொடக்கப் பெறுமானத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும் மிகைமின்னோட்ட ரிலேயை அங்கே வைக்க வேண்டியிருக்கிறது.

டிக்கோயாப் பக்கம் ஒரு நிலையத்தின் இயக்குநர் என்னிடம், "சேர், மழை பெய்யிறது அந்தப் பக்கத்து லைன்ல, மெசின் நிக்கிறது இந்தப் பக்கத்து லைன்ல, இது என்ன கணக்கு?" என்று கேட்டார். பக்கத்து வழியில் வழு ஏற்பட்டால் நம் வழியிலுள்ள மூன்று நான்கு நிலையங்களும் சேர்ந்து உபநிலைய பஸ்பார் வழியாகப் பின்னோக்கி அந்த வழுவுக்கு ஊட்டும். ஒவ்வொன்றும் 250 அம்பியர் தந்தாலும் கூட்டு 320 ஐத் தாண்டிவிடும். திசை அறியாத ரிலே, குற்றமற்ற நம் வழியைத் துண்டித்துவிடும். அங்கே திசையறியும் ரிலே பொருத்தப்பட்டபின் அந்தக் கேள்வி அவரிடமிருந்து வரவில்லை. இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. வழியின் நடுவே நிலையம் ஊட்டும்போது அவ்விடத்து மின்னழுத்தம் உயர்ந்து, உபநிலையத்திலிருந்து வரும் பங்கு குறைகிறது; வழியின் முனையிலுள்ள வழு, முன்பே சிறிதானது, உபநிலையத்து ரிலேக்கு இன்னும் சிறிதாகத் தெரிகிறது.

புவி வழுவில் இன்னொரு சிக்கல். உபநிலையத்தில் 33 கிலோவோல்ட் பக்கத்துக்குப் புவித்தொடுப்பு உண்டு. நீர்மின் நிலையத்து மின்மாற்றியின் 33 கிலோவோல்ட் சுற்று டெல்டாவானால், புவியுடன் இணைக்க நடுப்புள்ளி இல்லாததால், அங்கே இல்லை. புவி வழுவுக்கு உபநிலையத்து பிரேக்கர் திறந்ததும், நிலையம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், வலையமைப்பிலிருந்து பிரிந்து தனியே உயிரோடிருக்கும் அந்த வழித்துண்டுக்கு, அந்தத் தீவுக்கு, புவியே இல்லை. வழுவுற்ற கம்பி பூச்சியத்தில் இருக்க, மற்ற இரண்டும் 19 கிலோவோல்ட்டிலிருந்து 33 கிலோவோல்ட்டுக்கு உயரும். புவிக்கு மின்னோட்டம் அநேகமாகப் பாயாததால் எந்த மின்னோட்ட ரிலேயும் இதை அறியாது. மின்னல் காப்பிகள் வெடித்தபின் அறிவதைவிட, மூன்று முனை மின்னழுத்தங்களின் கூட்டை அளக்கும் ரிலே ஒன்றை வைத்து அறிவது மலிவானது. ரிக்ளோசர் மீண்டும் மூடுவதற்குள் நிலையம் கழன்றிருக்கவும் வேண்டும். கழலாவிட்டால் வேறு கட்டத்தில் சுழலும் இயந்திரத்தின்மேல் முழுநாட்டு வலையமைப்பும் மூடப்படும். மூடும் இடைவெளி ஒரு செக்கனென்றால், தீவாதலைக் கண்டறியும் ரிலே அரைச் செக்கனுக்குள் முடித்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தீவாதலைக் கண்டறியப் பரவலாகப் பயன்படுவது அதிர்வெண் மாறும் வேகத்தை அளக்கும் ரிலே. அதை நுணுக்கமாக வைத்தால் உள்ளூர் வழி பாதுகாப்பாக இருக்கும். ஆனால் நாட்டின் வேறொரு மூலையில் பெரிய நிலையம் ஒன்று கழன்று அதிர்வெண் சரியும்போது, உதவிக்கு நிற்க வேண்டிய சிறு நிலையங்கள் எல்லாம் தீவாகிவிட்டோம் என்று நினைத்துத் தாமும் கழன்றுகொள்ளும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்றால் ஏற்பட்ட வழு நாடு முழுவதையும் இருளாக்கியது. மின்சாரத்துக்கான கேள்வி குறைந்த, வெயில் நிறைந்த அந்த வேளையில் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். சுழலும் பெரும் இயந்திரங்களின் நிலைமம் குறைவு. அதனால் அதிர்வெண் சரியும் வேகமும் அதிகம். குரங்கைப்பற்றி எழுதப்பட்ட நகைச்சுவை அளவுக்கு இந்த நிலைமத்தைப்பற்றி எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை. கொத்மலையிலிருந்து பியகமவுக்குச் செல்லும் 220 கிலோவோல்ட் வழியின் கோளாற்றுடன் தொடங்கிய 2023 டிசம்பர் 9 இருட்டிலும், முதல் வழு சிறியது, தொடர் விளைவே பெரியது. ஆகவே அதிர்வெண் ரிலேயை எவ்வளவு நுணுக்கமாக வைக்கலாம் என்பதை ஒரு நிலைய உரிமையாளரோ அவருக்காக வேலை செய்யும் நானோ தனியே முடிவெடுக்கக்கூடாது. நாட்டின் மின்முறைமையை இயக்குபவர்கள் அந்த எண்ணைத் தர வேண்டும்.

சிறிய வழு கண்ணில் படாத இதே சிக்கல், தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயன் வீட்டுக் கதவு வரை வருகிறது. இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்தப் புவிக்கோல். கல்நிலத்தில் அதன் தடை 60 ஓம் என்றும், மின்மாற்றியின் புவித்தடை 5 ஓம் என்றும் கொண்டால், இஸ்திரிப் பெட்டியின் உலோக உடலை உயிர்க்கம்பி தொடும்போது 230 வோல்ட் 3.5 அம்பியரை மட்டுமே செலுத்தும். 32 அம்பியர் சுற்றுடைப்பான் அதை ஒரு சிறு கேத்தலின் சுமையைவிடக் குறைவாகவே காணும். உலோக உடலோ 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும். காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட கம்பியில் மனிதர் சிக்கும்போது பாய்வது 0.15 அம்பியர் அளவே. உயிர் போக அது போதும், 15 அம்பியர் உருகிக்கு அது ஒன்றுமில்லை. ஊரில் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்லப்படும், 30 மில்லி அம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவி ஒன்றுதான் இவற்றைக் காண்கிறது. 50 வோல்ட்டுக்கு மேல் உலோக உடல் உயரக்கூடாது என்று கணக்கிட்டால், அக்கருவிக்கு 1,600 ஓம் புவித்தடைகூடப் போதும். மலைப்பாறைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

ஆனால் ஒரு லயனுக்கு முழுவதும் சேர்த்து அப்படி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. தகரக் கூரையின் கீழ் நனைந்த பழைய வயர்களில் ஒவ்வொரு வீடும் சில மில்லி அம்பியர் கசியவிட, கூட்டுக் கசிவே முப்பதைத் தொட்டு, மழை இரவில் எல்லா வீடும் இருளும். சில மாதங்களில் எவராவது அதைக் குறுக்கே கம்பியிட்டுச் செயலிழக்கச் செய்துவிடுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் 30 மில்லி அம்பியர், லயனின் பிரதானப் பலகையில் தாமதத்துடன் இயங்கும் எஸ் வகையில் 100 மில்லி அம்பியர் என்று வைத்தால் வழுவுற்ற வீடு மட்டும் கழலும்: ஐந்து மடங்குக் கசிவில் வீட்டிலுள்ளது 40 மில்லி செக்கனுக்குள் திறந்தாக வேண்டும், எஸ் வகை குறைந்தது 50 மில்லி செக்கன் காத்திருக்கும். பலகையிலுள்ளதுக்கு 500 ஓமுக்குக் கீழான புவித்தடை வேண்டும். கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் பொறி இயங்குகிறதா என்று மட்டுமே தெரியும், புவிக்கம்பி இணைந்திருக்கிறதா என்று தெரியாது. அதை அளவுமானி கொண்டு அளக்கத்தான் வேண்டும். மழைக்காலத்தில் அளந்தால் தடை குறைவாகக் காட்டும் என்பதால், நான் பெப்ரவரி, மார்ச் வறட்சியில் அளந்த பெறுமானத்தையே தாளில் எழுதுகிறேன்.